குளிரின் மேல் பழி போடாதீர்கள்

கனடாவின் வடக்கே வேலைக்குப் போகும் தாதியருக்கு என்று எழுதி வைத்திருக்கும் ஆலோசனைகளை வாசித்திருக்கிறீர்களா? எங்கள் வகுப்புக்கு இது கடைசி வருடம். அதனால் இப்போது எல்லோருடைய தொலைபேசியிலும் இதுதான் சுற்றுகிறது. நல்ல பார்க்கா வாங்குங்கள். விற்றமின் டி கொண்டு போங்கள். யன்னலுக்குக் கறுப்புத் திரை போடுங்கள், கோடையில் வெளிச்சம் நித்திரை கொள்ள விடாது. படங்களை முன்கூட்டியே தரவிறக்கி வையுங்கள். மரக்கறி விலை தலைசுற்ற வைக்கும், பெட்டி நிறைய அரிசியும் பருப்பும் கட்டிக்கொண்டு போங்கள் (இது நம்மவர்கள் சேர்த்தது :-)). கடைசியில் ஒரு வரி: கஷ்டம்தான், ஆனால் காசு நல்லது, ஒரு வருடம் பல்லைக் கடித்தால் வீட்டுக்கு முற்பணம் தேறிவிடும்.

எல்லாமே பிரயோசனமான தகவல்கள்தான். எனக்கும் குளிர் பிடிக்காது. ஆனால் இத்தனை ஆலோசனையிலும் ஒரு ஆளைக் காணவில்லை. நோயாளியை. தாதி அங்கே எப்படித் தாக்குப் பிடிப்பது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மாதத்துக்கொரு புதுத் தாதியை அந்த ஊர் எப்படித் தாக்குப் பிடிக்கிறது என்று ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை.

இந்தப் பதிவு அதைப் பற்றியது. சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

முதலில், எந்த இடத்தைப் பற்றிக் கதைக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். வடக்கு என்றால் பலருக்கு பாரிக்கு அப்பால் எல்லாம் வடக்குத்தான். நான் சொல்வது நுனாவுட். 1999 ஏப்ரல் 1 அன்று தனி ஆட்சிப்பகுதியாகப் பிரிந்தது. பரப்பளவு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே இருந்த சனம் 36,858 பேர். எங்கள் ஸ்காபரோவின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும் தொகை. அந்த மக்கள் 25 ஊர்களில் இருக்கிறார்கள். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சாலை கிடையாது. தெற்கிலிருந்தும் சாலை கிடையாது. விமானம், கோடையில் கப்பல், குளிர்காலத்தில் பனி வண்டி. அவ்வளவுதான்.

முழு நுனாவுட்டுக்கும் வைத்தியசாலை என்று ஒன்றுதான், தலைநகர் இக்கலூயிட்டில். அதற்கு மேல் ஏதாவது என்றால் ஒட்டாவா, வினிபெக், யெலோநைஃப், எட்மன்டன் என்று பறக்க வேண்டும். இக்கலூயிட்டிலிருந்து ஒட்டாவா மட்டும் சுமார் 2,100 கிலோமீட்டர். மற்ற ஊர்களில் இருப்பது சுகாதார நிலையம். பெரும்பாலான இடங்களில் வைத்தியர் இடையிடையே வந்து போவார். நாள்தோறும் இருப்பது தாதி மட்டும்தான்.

அதனால் அங்கே தாதி செய்யும் வேலை நாங்கள் இங்கே வார்டில் பழகும் வேலை அல்ல. சோதித்துப் பார்ப்பது, இன்ன வருத்தம் என்று தீர்மானிப்பது, மருந்து கொடுப்பது, காயம் தைப்பது, நடு இரவில் தொலைபேசியில் வைத்தியரை எழுப்புவது, விமானத்தைக் கூப்பிடுவது, பனிப்புயலால் விமானம் வராவிட்டால் நோயாளியின் பக்கத்தில் விடியும்வரை இருப்பது. இதைச் செய்கிறவர்களைப் பற்றி எனக்கு மதிப்பு மட்டுமே உண்டு. என் சண்டை அவர்களோடு இல்லை.

சண்டை யாரோடு என்றால், இவ்வளவு பெரிய வேலையை "போய்விட்டு வா" வேலையாக மாற்றி வைத்திருப்பவர்களோடு.

பழைய கதை: "ஒருவரும் அங்கே நிற்கிறார்கள் இல்லை"

வடக்கில் தாதியர் பற்றாக்குறை என்று செய்தி வரும்போதெல்லாம் காரணமும் கூடவே வரும். குளிர், இருட்டு, தனிமை. 2021, 2022 ஆம் ஆண்டுகளில் நுனாவுட்டின் சில ஊர்களில் தாதியர் போதாமல் சுகாதார நிலையங்களை அவசர சேவைக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். அப்போதும் இதே பல்லவிதான். பாவம், குளிருக்கு வாய் இல்லை, இருந்தால் தன் பக்க நியாயத்தைச் சொல்லியிருக்கும்.

கொஞ்சம் யோசியுங்கள். அதே குளிரில் அந்தச் சனம் ஆயிரக்கணக்கான வருடங்களாக இருக்கிறது. பிள்ளை பெற்று, வேட்டையாடி, வயதுபோய், அங்கேயே இருக்கிறது. அந்த ஊர்க் கடைக்காரர் இருக்கிறார், விமான நிலையத்தில் பெட்டி தூக்குபவர் இருக்கிறார், சுகாதார நிலையத்தைக் கூட்டித் துடைப்பவர் இருக்கிறார். குளிர் யாரையும் துரத்தவில்லை. தாதி மட்டும் நிற்கமாட்டேன் என்கிறார் என்றால், காரணத்தை வெப்பமானியில் தேடிப் பயனில்லை. வேலையை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதில்தான் தேட வேண்டும்.

எப்படி அமைத்திருக்கிறார்கள்? ஏஜென்சி மூலம் சில கிழமைகளுக்கு ஒரு ஒப்பந்தம். முடிந்ததும் வீடு. அடுத்த ஒப்பந்தம் வேறு ஊரில். நிரந்தர அரச வேலையில் நிற்கும் தாதியைவிட ஏஜென்சித் தாதிக்கு மணித்தியாலக் கூலி கூட. அதாவது, அங்கேயே இருந்து அந்த ஊரைப் பழகிய ஆளைவிட, நேற்று இறங்கி அடுத்த மாதம் ஏறப்போகும் ஆளுக்கு நாங்கள் கூடக் கொடுக்கிறோம். நிற்காதே என்று காசு கொடுத்துச் சொல்லிவிட்டு, ஏன் நிற்கவில்லை என்று கேட்கிறோம்.

பயிற்சியாவது கொடுத்து அனுப்புகிறார்களா? கனடாவின் கணக்காய்வாளர் நாயகம் 2015 இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஒன்ராறியோ, மனிரோபா மாகாணங்களின் தொலைதூர முதற்குடி மக்களின் ஊர்களில் மத்திய அரசின் சுகாதாரத் துறை நடத்திய தாதியர் நிலையங்களைப் பற்றியது. (அது நுனாவுட் அல்ல, ஆனால் வேலை இதே வேலைதான்.) மாதிரிக்கு எடுத்துப் பார்த்த 45 தாதியரில், கட்டாயம் என்று அதே துறை வைத்திருந்த ஐந்து பயிற்சிகளையும் முடித்திருந்தவர் ஒருவர். 45 இல் ஒன்று! எங்கள் வகுப்பில் சிபிஆர் சான்றிதழ் ஒரு நாள் பிந்தினால் பயிற்சிக்கு உள்ளே விடமாட்டார்கள். அங்கே ஒரு ஊரையே ஒப்படைத்திருக்கிறார்கள்.

யார் யாருக்குப் பழக வேண்டும்?

இனுயிட் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆம் என்பதற்குப் புருவத்தை உயர்த்துவார்கள். இல்லை என்பதற்கு மூக்கைச் சுருக்குவார்கள். வாயால் ஒன்றும் சொல்லாமலே பதில் முடிந்துவிடும். தெற்கிலிருந்து போன தாதிக்கு இது தெரியாது. "நெஞ்சு நோகிறதா?" என்று கேட்கிறார். கிழவர் புருவத்தை உயர்த்துகிறார். தாதி பதில் வரவில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாகக் கேட்கிறார். கிழவர் மறுபடியும் உயர்த்துகிறார். தாதி கோப்பில் எழுதுகிறார்: நோயாளி ஒத்துழைக்கவில்லை.

இது கற்பனை உதாரணம்தான். ஆனால் இதைத் திருத்த எவ்வளவு நேரம் வேண்டும்? ஐந்து நிமிடம். யார் சொல்லிக் கொடுப்பார்? அநேகமாக அங்கே இருக்கும் உள்ளூர் எழுத்தர், அதாவது மொழிபெயர்ப்பாளர். எத்தனை தரம் சொல்லிக் கொடுப்பார்? புதுத் தாதி வரும் ஒவ்வொரு தரமும். ஒரு வருடத்தில் எத்தனை தாதியர் என்று பெருக்கிப் பாருங்கள், பிறகு அவர் எத்தனை வருடமாக அந்த வேலையில் இருக்கிறார் என்பதாலும் பெருக்குங்கள். யாருடைய தாய்க்கு என்ன வருத்தம், எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யார் வீட்டில் இப்போது போய்க் கதவைத் தட்டக்கூடாது, எல்லாம் அவருக்குத் தெரியும். அந்த நிலையத்தின் ஞாபகசக்தி அவர்தான். சம்பளப் பட்டியலில் அவர் எங்கே இருக்கிறார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"குடியேறிப் பழகுவது" என்று நாங்கள் சொல்லும்போது தாதி ஊருக்குப் பழகுவதாக நினைக்கிறோம். சில கிழமை ஒப்பந்தத்தில் நடப்பது தலைகீழ். ஊர்தான் தாதிக்குப் பழகுகிறது. பழகி முடிய அவர் விமானம் ஏறிவிடுகிறார். மறுபடியும் முதலிலிருந்து.

இது சௌகரியம், அசௌகரியம் பற்றிய விஷயம் இல்லை. காசநோயை எடுங்கள். கனடாவில் பிறந்த, பழங்குடியினர் அல்லாத ஒருவரோடு ஒப்பிட்டால் இனுயிட் மக்களிடையே காசநோய் வீதம் சுமார் 300 மடங்கு என்று சில வருடங்களுக்கு முன் கணக்கு வந்தது. 2030க்குள் ஒழிப்போம் என்று 2018 இல் மத்திய அரசு வாக்குக் கொடுத்தது. காசநோய்க்கு வழமையான சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். மருந்தை நோயாளி விழுங்குவதை ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆறு மாத மருந்து, ஒரு மாதத் தாதி. இந்தக் கணக்கு எங்கேயாவது சரிவருமா? ஒரே மனிதர் ஒரே சிகிச்சைக்கு ஆறு முகங்களைப் பார்க்கிறார். ஒவ்வொரு முகமும் "எப்போதிருந்து இருமல்?" என்று தொடங்குகிறது.

வீட்டு நிலைமையையும் சேர்த்துப் பாருங்கள். 2021 கணக்கெடுப்பின்படி, இனுயிட் தாயகம் எனப்படும் வடபகுதிகளில் வாழும் இனுயிட் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நெரிசலான வீடுகளில் இருந்தார்கள். காசநோய் பரவுவதற்கு அதைவிட வசதியான இடம் வேண்டுமா? ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் அந்த வீடு முழுவதையும், போய்வரும் வீடுகளையும் தேடிச் சோதிக்க வேண்டும். யார் யார் வீட்டில் நித்திரை கொள்கிறார்கள் என்பதை நேற்று வந்திறங்கியவரிடம் யார் சொல்வார்? நீங்கள் சொல்வீர்களா?

இன்னொன்று, எழுதவே கை தயங்குவது. 2015 ஒக்ரோபரில் நுனாவுட் முதல்வர் தற்கொலைகளை ஒரு நெருக்கடி என்று பகிரங்கமாக அறிவித்தார். பதினாறு வயதுப் பெடியன் ஒருவன் தன் மனதில் உள்ளதை வாய்திறந்து சொல்ல எவ்வளவு நாள் எடுக்கும்? அவன் சொல்லத் தயாராகும் நாளில், அவனுக்குப் பழக்கமான அந்தத் தாதி எங்கே இருப்பார்?

கப்பலில் வந்தவர்கள்

"அந்த ஆட்கள் எங்களை நம்புகிறார்கள் இல்லை" என்று வடக்கே போய் வந்தவர்கள் சொல்வது உண்டு. நம்பாததற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. எங்கள் பாடப்புத்தகத்தில் அது அரைப் பந்தி.

1950 இல் மத்திய அரசு சி.டி. ஹவ் என்ற கப்பலைக் கிழக்கு ஆர்க்டிக்குக்கு அனுப்பத் தொடங்கியது. உள்ளே வைத்தியர், தாதி, எக்ஸ்ரே இயந்திரம் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு கோடையிலும் கப்பல் ஊர் ஊராக நிற்கும். சனத்தை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். காசநோய் என்று தெரிந்தால் அந்த ஆளைத் தெற்கே கொண்டுபோவார்கள். பலரைக் கரைக்கு இறங்கி விடைபெறக்கூட விடவில்லை. தாயைக் கொண்டுபோனார்கள், பிள்ளை கரையில் நின்றது. பிள்ளையைக் கொண்டுபோனார்கள், தாய் கரையில் நின்றாள். 1956 அளவில் இனுயிட் மக்களில் ஏழு பேருக்கு ஒருவர் தெற்கே காசநோய் வைத்தியசாலைகளில் இருந்தார். சிலர் வருடக்கணக்கில் கழித்துத் தாய்மொழியை மறந்து திரும்பினார்கள். சிலர் திரும்பவே இல்லை. எங்கே புதைத்தார்கள் என்று குடும்பத்துக்குச் சொல்லக்கூட ஒருவரும் மினக்கெடவில்லை. 2019 மார்ச்சில்தான் அப்போதைய பிரதமர் ட்ரூடோ இக்கலூயிட்டுக்குப் போய் இதற்கு மன்னிப்புக் கேட்டார்.

இதை ஏன் இழுக்கிறேன்? அந்தக் கப்பலில் வேலை செய்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்வதற்காக அல்ல. அவர்களில் பலர் உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பித்தான் போனார்கள், பல உயிர்களைக் காப்பாற்றவும் செய்தார்கள். ஆனால் முறை என்ன? வருவது, பார்ப்பது, எழுதுவது, கொண்டுபோவது, போய்விடுவது. இன்றைக்குக் கப்பலுக்குப் பதிலாக விமானம். முறை எவ்வளவு மாறியிருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். எக்ஸ்ரே என்றதும் ஒரு கிழவி முகம் திருப்பினால் அது "அறியாமை" இல்லை, ஞாபகம்.

எங்களுக்கு மட்டும் ஒரு நியாயமா?

ஸ்காபரோவில் வளர்ந்தவர்களுக்கு மொழி விஷயத்தை நான் விளக்கவேண்டியதில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த எங்கள் அம்மம்மாமார் வைத்தியரிடம் போகும்போது பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். பேத்திக்கு முன்னால் சொல்லக் கூச்சமான வருத்தத்தைச் சொல்லாமலே திரும்பி வந்தார்கள். பிறகு தமிழ் வைத்தியர்கள் வந்தார்கள், தமிழ்த் தாதியர் வந்தார்கள், மருந்துக்கடையில் தமிழில் கேட்கலாம் என்று ஆனது. அதை யாராவது சலுகை என்று சொன்னால் சும்மா இருப்போமா? எங்கள் சங்கங்கள் எத்தனை கடிதம் போட்டிருக்கும்?

நுனாவுட்டில் பாதிக்கும் மேற்பட்டோரின் தாய்மொழி இனுயிட் மொழி. அது வந்தேறிகளின் மொழி இல்லை, அந்த மண்ணின் மொழி, அங்கே உத்தியோக மொழியும்கூட. அப்படியிருந்தும் தன் சொந்த ஊரில், தன் சொந்த மொழியில், தன் வயிற்றுவலியைச் சொல்ல ஒரு மூதாட்டி இன்னொருவரின் வாயை இரவல் வாங்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு உரிமை என்று பட்டது அவர்களுக்கு மட்டும் ஆடம்பரமாகப் படுவது ஏன்? இந்த நாட்டில் நாங்களும் வந்து குடியேறியவர்கள்தான். வடக்கே காசு உழைக்கப் போகும்போது அதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருப்பது நல்லது.

செய்து காட்டிய இடங்கள்

"சரி, குறை சொல்வது சுலபம், வழி என்ன?" என்று கேட்பீர்கள். வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்களைப் பயிற்றுவிப்பதுதான் வழி. அவர்களுக்குப் பார்க்கா பற்றிய ஆலோசனையும் தேவைப்படாது.

கியூபெக்கின் வடக்கே, நுனாவிக் பகுதியில், புவிர்னிடுக் என்ற ஊர். வடக்கில் பல இடங்களில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பல கிழமை முன்னதாகவே தெற்கே விமானத்தில் அனுப்பிவிடுவார்கள். அந்நியமான ஊரில், குடும்பம் இல்லாமல், காத்திருந்து பெற வேண்டும். வீட்டில் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. புவிர்னிடுக் பெண்கள் இது வேண்டாம் என்றார்கள். 1986 இல் அங்கே ஒரு பிரசவ நிலையம் தொடங்கியது. தெற்கிலிருந்து வந்த மருத்துவிச்சிகள் உள்ளூர்ப் பெண்களுக்கு அங்கேயே, வேலையோடு வேலையாகப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு 1998 இல் இனுக்ஜுவாக், 2004 இல் சலுயிட் என்று மற்ற ஊர்களுக்கும் பரவியது. சத்திரசிகிச்சை வேண்டுமென்றால் மொன்றியலுக்கு மணித்தியாலக் கணக்கில் பறக்க வேண்டிய இடம் அது. ஆபத்து யாருக்கு அதிகம் என்று முன்கூட்டியே கூடிப் பேசி, தேவையானவர்களை மட்டும் அனுப்பினார்கள். பல வருட முடிவுகளை எடுத்து ஆராய்ந்தவர்கள் பெறுபேறுகள் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறார்கள்.

அலாஸ்காவைப் பாருங்கள். அங்கேயும் காசநோயிலிருந்துதான் கதை தொடங்குகிறது. 1950களில் கிராமத்து ஆட்களையே பிடித்து மருந்து கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அது வளர்ந்து, 1968 இல் அமெரிக்க மத்திய அரசின் நிதியோடு முறையான திட்டமானது. இன்றைக்கு ஏறத்தாழ 170 கிராமங்களில் உள்ளூர்ச் சுகாதார உதவியாளர்கள் வேலை செய்கிறார்கள். சில கிழமைப் பயிற்சி, ஊருக்குத் திரும்பி வேலை, மறுபடியும் பயிற்சி என்று கட்டம் கட்டமாகப் படிக்கிறார்கள். கையில் விரிவான கையேடு, தொலைபேசியின் மறுமுனையில் வைத்தியர். இந்த வழியில் பல்வைத்திய உதவியாளர்களையும் உருவாக்கத் தொடங்கியபோது அமெரிக்கப் பல்வைத்தியர் சங்கம் 2006 இல் வழக்குப் போட்டது. 2007 இல் நீதிமன்றம் உதவியாளர்களின் பக்கம் நின்றது. (பல்வைத்தியர்கள் அந்தக் கிராமங்களுக்குப் போய் இருக்க முன்வந்தார்களா என்று கேட்காதீர்கள்.)

கனடாவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 1972 இல் ஃபோர்ட் ஸ்மித்தில் பல்வைத்திய உதவியாளர்களுக்கு ஒரு தேசியக் கல்லூரியே திறந்தார்கள். பிறகு அது பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்கு மாறியது. மத்திய அரசு நிதியை நிறுத்த 2011 இல் மூடப்பட்டது. இப்போது வடக்கில் பல்லுவலி என்றால் பல இடங்களில் பல்வைத்தியர் விமானத்தில் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். நல்ல மரத்தை நட்டு, காய்க்கும்போது வெட்டிவிட்டு, பழத்தை விமானத்தில் இறக்குகிறோம்.

தாதியர் படிப்பும் இருக்கிறது, நுனாவுட் ஆர்க்டிக் கல்லூரியில். ஆனால் பட்டம் பெற்று வெளியே வருபவர்களை வருடத்துக்குக் கைவிரலில் எண்ணிவிடலாம். உயர்தரப் பள்ளியில் கணிதமும் இரசாயனமும் ஒழுங்காகக் கிடைக்காத ஊரில், பிள்ளை வைத்திருக்கும் பெண்ணுக்குப் படிக்கும்போது தங்க வீடு கிடைக்காத ஊரில், எத்தனை பேர் அந்தப் படிப்பை முடிப்பார்கள்? அங்கே காசைப் போட வேண்டும். ஏஜென்சிக்குக் கொட்டும் காசில் ஒரு பங்கு போதும்.

"ஆனால்..." என்று தொடங்குபவர்களுக்கு

ஒன்று. "ஏஜென்சித் தாதியும் இல்லாவிட்டால் அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்களே?" உண்மை. நாளைக்கே நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. இரத்தம் ஓடும்போது கட்டுப் போடத்தான் வேண்டும். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே கட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் சிகிச்சை இல்லை. இடைக்காலத்துக்குக்கூட நல்ல ஏற்பாடு உண்டு. இரண்டு தாதியர் ஒரு வேலையைப் பங்கிட்டு, மாறி மாறி, ஆனால் எப்போதும் அதே ஊருக்குத் திரும்பி வருவது. சனத்துக்கு இரண்டு முகங்களைப் பழகுவது கஷ்டமில்லை. இருபது முகங்கள்தான் கஷ்டம்.

இரண்டு. "உள்ளூர் ஆட்கள் என்றால் தரம் குறையும்." இந்த வாதத்தைச் சொல்பவர்களிடம் 45 இல் ஒன்று என்ற எண்ணைக் காட்டுங்கள். இப்போது இருக்கும் தரத்தைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

மூன்று. "சின்ன ஊரில் உள்ளூர்த் தாதி என்றால் இரகசியம் தங்காது." இது நியாயமான கவலை. தன் மச்சாளிடமே பரிசோதனைக்குப் போக யாருக்கும் தயக்கம் இருக்கும். அதனால்தான் வெளியிலிருந்து வருபவரும் உள்ளூரவரும் சேர்ந்து வேலை செய்வது நல்லது என்கிறேன். நோயாளி யாரிடம் போவது என்று தானே தெரிவு செய்யலாம். இப்போது தெரிவே இல்லை.

நான்கு. "காசுக்காகப் போவது பிழையா?" இல்லவே இல்லை. கடன் எடுத்துப் படிக்கிறோம், வீட்டு விலை தெரியும். காசுக்காகப் போங்கள். ஆனால் காசு மட்டும்தான் காரணமென்றால், அதைத் தியாகம் என்றும் சாகசம் என்றும் படம் போட்டுக் காட்டாதீர்கள். பனிப் பின்னணியில் இனுயிட் குழந்தையைத் தூக்கி வைத்து எடுத்த படம் எத்தனை பார்த்துவிட்டேன். அந்தக் குழந்தையின் தாயிடம் கேட்டா போட்டார்கள்?

எங்கள் வகுப்புக்கு

இந்த வருடம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகும் நண்பர்களுக்கு ஒரு கோரிக்கை. சம்பளமும் விமானச் சீட்டும் கேட்ட பிறகு இன்னும் சில கேள்விகள் கேளுங்கள். திரும்பவும் அதே ஊருக்கு அனுப்புவீர்களா? போவதற்கு முன் எத்தனை நாள் பயிற்சி, அதற்குச் சம்பளம் உண்டா? எனக்கு முன்னால் இருந்தவரோடு ஒரு நாளாவது சேர்ந்து வேலை செய்து பொறுப்பை வாங்க விடுவீர்களா? இரவில் மொழிபெயர்ப்பாளர் இருப்பாரா? இனுயிட் மொழியில் நோவு, மூச்சு, காய்ச்சல், பிள்ளை என்று ஐம்பது சொல்லாவது படிக்க வகுப்பு உண்டா? பதில் இல்லையென்றால் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். ஒருவர் கேட்டால் தொல்லை என்பார்கள். வகுப்பே கேட்டால் நிபந்தனை ஆகும். இப்போது தாதியருக்குத்தான் தட்டுப்பாடு. பேரம் பேசும் இடத்தில் நாங்கள் இருக்கிறோம். அதைச் சம்பளத்துக்கு மட்டும் செலவழிக்க வேண்டியதில்லை.

போன பிறகு, அந்த எழுத்தர் அக்காவிடம் முதல் நாளே போய் இருந்து கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள், உங்களுக்குப் பின்னால் வருபவருக்கும் கொடுங்கள். அங்கே பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை தாதியாக வர ஆசை என்று சொன்னால், அந்தப் பிள்ளைக்கு உயிரியல் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் அந்த ஊருக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய வேலை, ஒருநாள் உங்களைப் போன்றவர்கள் தேவைப்படாமல் செய்வதுதான்.

மற்றவர்கள், அதாவது என்னைப்போல் இங்கேயே இருக்கப்போகிறவர்கள், தேர்தல் வரும்போது வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். வடக்கிலேயே தாதியரைப் பயிற்றுவிக்க எவ்வளவு, ஏஜென்சிக்கு எவ்வளவு? இரண்டு எண். அவ்வளவுதான்.

எதிர்க்கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள், பதில் சொல்வேன். ஆனால் தயவுசெய்து, குளிர் என்று மட்டும் தொடங்காதீர்கள்.